முட்டைக்கோஸ் தண்ணீர் கடலுக்கு வராத கதை

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை பாவ்லின் அவர்களுக்கு, மலையடிவாரத்திலிருந்து உங்கள் மைத்துனன் யாங்கோ எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி தோச்காவும் முதுகுவலி நீங்கலாக நலம். அங்கே என் தங்கையும், கடலில் கயிற்றில் தொங்கும் உங்கள் சிப்பிகளும் நலமா?

எங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீர் ஒருமுறை கடலுக்கு அழுக்காக வந்தாலும் ஈஸ்டருக்குப் பிறகு சிப்பி விற்கத் தடை போட்டுவிடுவார்கள், அப்புறம் 'உங்கள் வீட்டு வாசலில் வந்து உட்காருவேன்' என்று எழுதியிருந்தீர்கள். இங்கே கழிவுநீர் நிலையத்தைப் பார்த்துக்கொள்பவள் என் மகள் ராலித்சா. எது நடந்தாலும் பழி அவள் தலையில்தான்.

நடந்தும் விட்டது. பண்டிகைக்கு வீடு கழுவும்போது குளிர்காலத்துக்கு உப்புத் தண்ணீரில் முட்டைக்கோஸ் ஊறப்போட்ட பீப்பாயைச் சாக்கடையில் கவிழ்ப்பது நம் வழக்கமல்லவா? இந்த வருடம் வெயில் தலைகாட்டிய சனிக்கிழமையே ஊர் மொத்தமும் கவிழ்த்துவிட்டது. அத்தனை உப்புத் தண்ணீரும் நிலையத்துத் தொட்டிக்குள் போக, நம் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும் கிருமிகள் கூண்டோடு செத்துப்போயின. ராலித்சா ஆற்றுக்குப் போகும் மதகை அடைத்து, கழிவுநீரை மழைநீர்க் குளத்துக்குத் திருப்பிவிட்டு, தேவாலய வாசலுக்கு ஓடி வந்தாள்.

"யாரும் துணி துவைக்காதீங்க, குளிக்காதீங்க! குளம் ரொம்பிச்சுன்னா எல்லாம் ஆத்துக்கு, அங்கேருந்து நேரா எங்க மாமாவோட சிப்பிக்கு!"

"நல்ல நாளும் அதுவுமா குளிக்காம இருக்கவா?" என்றாள் பக்கத்து வீட்டு வெலிச்கா. "உனக்குக் கிருமிதானே வேணும்? நம்ம தயிர்ல இல்லாததா? உலகத்துக்கே தயிர்க் கிருமி குடுத்த நாடுடீ இது!"

மறுநாள் விடிவதற்குள் வாளி வாளியாகத் தயிரைத் தொட்டியில் கொட்டியிருக்கிறார்கள். எல்லாம் தேசபக்தி! நாற்றம் குடலைப் பிடுங்கியது.

"தயிர்க் கிருமி சாக்கடை தின்னாது அத்தை! இப்ப உங்க தயிரையும் சேர்த்து யார் தின்னுறது?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள் ராலித்சா.

இனி ஒரே வழி, வேறு நிலையத்திலிருந்து கிருமிகள் உயிரோடு இருக்கும் சேற்றை வாங்கி ஊற்றுவது. அருகில் இருப்பதோ கமென்தோல் ஊர் நிலையம். அந்த ஊர் கால்பந்தில் நமக்கு ஜென்மப் பகை. "அந்த ஊர்ச் சாக்கடைக்கு நாம கையேந்தறதா? என் பிணத்து மேலதான்!" என்று நகரத் தலைவர் மறுத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் தொப்பியை மாட்டிக்கொண்டு நானே கமென்தோல் போனேன். அந்த ஊர்த் தலைவி வயிறு குலுங்கச் சிரித்தாள்.

"தர்றேன் பெரியவரே. ஆனா எங்க சரக்குதான் உசத்தின்னு உங்க ஊர் மைக்குல சொல்லணும்."

சொன்னேன் மாப்பிள்ளை! மானத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கணீரென்று சொன்னேன்.

சேற்று லாரி வந்தபோது பேண்டு வாத்தியம் முழங்கியது. தோச்கா நம் வழக்கப்படி வரவேற்க ரொட்டியும் உப்பும் ஏந்தி வர, ராலித்சா பாய்ந்து தட்டைப் பிடுங்கினாள். "அம்மா! மறுபடியும் உப்பா?" பகையாளி ஊர்க்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

வந்த கிருமிகள் நல்ல பசியில் இருந்திருக்க வேண்டும். உப்பு நீர்த்துப்போய், தயிரும் தின்று தீர்ந்து, நுரை அடங்கி, வாரக் கடைசியில் தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. அதிகாரிகள் சோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் மதகு திறந்தது. ராலித்சா அழுதாள், நானும் அழுதேன். ஈஸ்டர் பூசைக்குக் குளிக்காமல்தான் போனோம், சாம்பிராணி தோற்றுப்போனது. ஊர் நாறியது, ஆறு நாறவில்லை! இதைவிட வேறென்ன பெருமை வேண்டும்?

ஆகவே தைரியமாகச் சிப்பி விற்றுக் கல்லாவை நிரப்புங்கள். உங்கள் கயிறுகள் அறாமலும், என் தங்கையின் கோபம் உங்கள் பக்கம் திரும்பாமலும் ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
பெருமையோடும் வாசனையோடும்,
யாங்கோ

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தங்கை போனில் பேசினாள். "அண்ணா, ஒரு சின்ன சந்தேகம். எங்க சிப்பிக் கடைக் கக்கூஸ் குழாய் நேரா கடலுக்குத்தான் போகுது, சிப்பிக் கயித்துக்குப் பக்கத்துல. அதனால ஒண்ணும் இல்லையே?" என்றாள். அந்தக் குழாயை அடைக்க ராலித்சா உங்கள் ஊருக்கு பஸ் ஏறிவிட்டாள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.