மாந்தோப்பில் ஒரு பாலைவன ஒத்திகை

பாலைவனத்துக்குப் போகிறவர்களுக்கு என்னிடம் ஒரே ஓர் அறிவுரைதான் இருக்கிறது: ஒத்திகை பார்க்காமல் போங்கள். அங்கே வெயில் மட்டும்தான் எதிரி. ஒத்திகை பார்க்கிற இடத்தில் மனிதர்கள் இருப்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பாலிடெக்னிக் முடித்துவிட்டு ராஜபாளையத்தில் சும்மா சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, ராஜஸ்தானில் கால்வாய் வெட்டுகிற இடத்தில் சர்வே வேலை கிடைத்தது. அப்பாவுக்கு என் மேல் எப்போதுமே சந்தேகம். (ஆஸ்பத்திரியில் பிள்ளையை மாற்றிவிட்டார்களோ என்பதிலிருந்து தொடங்குகிறது அது.)

"உச்சி வெயில்ல கடைக்குப் போகச் சொன்னா தலைவலிங்கே. நீ பாலைவனத்துல போயி நிக்கப் போறியாக்கும்?"

"ஸ்ரீவில்லிபுத்தூர் அக்கா வீட்டுக்கு வெயில்லயே நடந்து வாரேன். வந்துட்டா அனுப்புவீங்களா?"

"வா, பாப்போம். நடுவுல வண்டி கிண்டி ஏறுனே, பொறவு சித்தப்பா கடையில பொட்டலம் மடிக்க வேண்டியதுதான்" என்றவர், மறுநாள் காலையிலேயே பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

நூலகத்தில் எடுத்த பாலைவனப் பயணக் கையேடு எனக்கு மனப்பாடம். உடம்பு முழுக்க வெள்ளைத் துணியால் மூடு. பேசாதே, வாயைத் திறந்தால் ஈரம் போய்விடும். வேர்வைக்கு ஈடாக உப்பு வைத்துக்கொள். ஒரு கத்தி. ஆபத்து வந்தால் கண்ணாடியில் வெயிலைத் திருப்பிச் சைகை காட்டு. உச்சிப் பொழுதில் நிழலில் ஒதுங்கு.

எங்கள் பக்கத்தில் வெள்ளைத் துணிக்கா பஞ்சம்? ஊர்த் தறிகளில் ஆஸ்பத்திரிகளுக்காக நெய்கிற பேண்டேஜ் துணியை வாங்கி, கண் மட்டும் தெரியச் சுற்றிக்கொண்டேன். அரபு நாட்டு இளவரசன் மாதிரி இருந்தது. (தங்கை "மாடியில இருந்து விழுந்தவன் மாதிரி இருக்கு" என்றாள்.)

மெயின் ரோட்டில் பஸ் கண்டக்டர்கள் கூப்பிட்டுக் கிண்டல் செய்ததால் வயல்பாதையில் இறங்கினேன். வன்னியம்பட்டிப் பக்கம் போகும்போது வெயில் உச்சிக்கு வந்தது. கையேட்டின்படி நிழலைத் தேடினேன். மாந்தோப்பு ஒன்று கிடைத்தது. சித்திரை மாதம், மரமெல்லாம் காய். சித்திரையில் அடுத்தவன் மாந்தோப்புக்குள் நுழையாதே என்று கையேட்டில் இல்லை.

முதலில் வந்தது நாய். எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருக்கிற வேட்டை நாய், வெள்ளை. குரைக்கவில்லை, நின்று என்னையே பார்த்தது. அதன் பின்னால் கம்போடு காவல்காரர். அவர் பின்னால் அவர் மனைவி.

"ஏலே, யார்லே நீ?"

வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினேன். (ஈரம்!)

"ஊமையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"ஊமையும் இல்லையாம், பேசவும் மாட்டானாம்" என்றார் அந்த அம்மா. "வாய்க்குள்ள மாங்காய அடக்கி வச்சிருக்கான் போல."

நாய் ஓரடி முன்னால் வந்தது. இதுதான் ஆபத்து என்று முடிவுசெய்து, கண்ணாடியை எடுத்து ரோட்டுப் பக்கம் மின்னவிட்டேன்.

"ஏட்டி! கூட்டாளிக்குச் சைகை காட்டுதான்! ரோட்டுல லாரி நிக்கும் பாரு!"

என் தோள்பையைப் பிடுங்கிக் கொட்டினார். கத்தி விழுந்தது. உப்புப் பொட்டலம் விழுந்தது. காவல்காரர் ஓர் உப்புக் கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பேதான்.

"கத்தி இருக்கு, உப்பு இருக்கு. மொளகாப்பொடிய எங்கலே ஒளிச்சு வச்சிருக்கே?"

இனி ஈரத்தைப் பார்த்தால் முடியாது. "அண்ணாச்சி, நான் பாலைவனத்துக்குப் போறேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "வன்னியம்பட்டி வழியாவா?" என்றார் அந்த அம்மா.

"ஏட்டி, கயிற எடுத்துட்டு வா."

"கயிறு எதுக்கு? அவன் மேல கிடக்க துணி ஒரு தோப்பையே கட்டும்."

அப்படியே கட்டினார்கள். அக்கா வீட்டில் அப்பா இருக்கிறார், கேட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினேன். கேட்போம் என்று காவல்காரர் சைக்கிளை எடுத்தார்.

"ஐயோ, நான் சைக்கிள்ல ஏறக் கூடாது அண்ணாச்சி! நடந்தே வாரேன்!"

"நடந்தா ஓடிருவே. ஏறுலே!"

வெயிலில் ஓசிச் சவாரியை வேண்டாமென்றவனை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். சந்தேகம் இரட்டிப்பானது. கேரியரில் மூட்டையாக நான், பக்கத்தில் நாய் ஓட, ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்தோம். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

"இது உங்க பையனா அண்ணாச்சி?" என்று அக்கா வீட்டுத் திண்ணையில் இருந்த அப்பாவிடம் கேட்டார் காவல்காரர்.

அப்பா செத்த நேரம் பார்த்தார். "முகத்துத் துணிய அவுருங்க." அவிழ்த்தார்கள். அதற்குப் பிறகும் செத்த நேரம் பார்த்தார். "இவன் அம்மா அப்படித்தான் சொல்லுதா" என்றார்.

"அப்பா, நானா ஏறல. ஏத்திட்டாங்க!"

காவல்காரரை நேராகப் பார்த்து, "மாங்காய் ஏதும் போச்சா?" என்றார் அப்பா.

"போகல. சரியான நேரத்துக்கு நான் வந்துட்டேன்லா."

அப்பா என் பக்கம் திரும்பினார். "தலை வலிக்குதாலே?"

"இல்லப்பா."

"அப்பம் போயிட்டு வா. அங்க மாந்தோப்பு இருக்காதுல்லா."

போனேன். மணலில் இருந்த காலம் முழுவதும் ஒருவர்கூட என்னைச் சந்தேகப்படவில்லை. திரும்பி வந்து கல்யாணம் நடந்தபோது, அப்பா மறக்காமல் காவல்காரருக்குப் பத்திரிகை வைத்தார். கூடை நிறைய மாம்பழத்தோடு மேடையேறினார் மனிதர். நான் கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய், கூடையை என் மனைவியிடம் கொடுத்து, ஊருக்கே கேட்கிற ரகசியக் குரலில் சொன்னார்:

"எண்ணித்தான் கொண்டாந்திருக்கேன், தாயி."

இன்றைக்கும் வீட்டுக்கு மாம்பழம் வந்தால், எண்ணாமல் அவள் என்னைத் தனியே விடுவதில்லை.