நாலு அங்குல உயரத்து மனிதர்

மல்லேஸ்வரத்தில் முகத்தைக் காட்டிப் பிரபலமானவர்கள் நிறையப் பேர் உண்டு. முதுகைக் காட்டிப் பிரபலமானவர் ஒருவர்தான்: எங்கள் அபார்ட்மென்ட்டின் மூன்றாம் மாடியில் இருந்த தரைமட்டம். அவரை நன்றாகத் தெரியும் என்பவர்களிடம் அவருக்கு மீசை உண்டா என்று கேட்டுப் பாருங்கள், யோசிப்பார்கள். அவர் டி-ஷர்ட்டின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருக்கும் என்று கேளுங்கள், ஒப்பிப்பார்கள். அவர்கள் சந்தித்தபோதெல்லாம் மனிதர் குப்புறப் படுத்திருந்தார்.

வியாதி எதுவும் இல்லை. யாராவது பெருக்கித் துடைக்கும் ரோபோ வாங்கப்போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும். ஸ்கேட்டிங் பிள்ளைகள் மாட்டுகிற முழங்கால் உறையை மாட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்துவிடுவார். ரோபோ எப்படி ஊருமோ அப்படி வீடு முழுக்க ஊர்ந்து பார்த்துவிட்டுத்தான் எதை வாங்கலாம் என்று வாயைத் திறப்பார். பிழைப்புக்கு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங். அதாவது, மற்றவர்கள் கஷ்டப்பட்டுச் செய்ததை எப்படியெல்லாம் கெடுக்கலாம் என்று யோசிப்பதற்குச் சம்பளம். ஆம்பூர்க்காரர். என் வயதுதான், ஐம்பதைத் தாண்டி, அதை வெளியே சொல்லாத வயது. கல்யாணத்தை மட்டும் டெஸ்ட் செய்யாமலே நிராகரித்தவர்.

பெற்றோர் வைத்த பெயர் கீழே தபால் பெட்டியில் ஒட்டியிருந்தது. அதை யாரும் படித்ததில்லை. தமிழ் வீடுகளுக்கு அவர் தரைமட்டம். கன்னடக்கார வாட்ச்மேனுக்கு 'நெல சார்'. நெல என்றால் தரை. ஊரே ஒன்றாகச் சேர்ந்து ஒரு விஷயத்தில் உடன்படுவது பெங்களூரில் அபூர்வம்.

இதைப் பாராட்டுரை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். ஒரு மழைக்காலம் முழுக்க அந்த மனிதர் மேல் எனக்கு வயிற்றெரிச்சல். காரணம் என் மனைவி சுபா. தப்பாக நினைக்க வேண்டாம். நீங்கள் நினைப்பதைவிடக் கேவலமான காரணம் அது. அவர் சொன்னால் அவள் சிரித்தாள்.

நான் இருபது வருஷமாக நகைச்சுவை எழுதுகிறவன். என் கட்டுரைகளைச் சுபா ஒன்று விடாமல் படிப்பாள், கரன்ட் பில் படிக்கிற முகத்தோடு. முடித்ததும், "ரெண்டாவது பாராவில ஒரு புள்ளி விட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அவள் சிரிக்கவே மாட்டாள், பிறவி அப்படி என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டிருந்தேன். அந்தச் சமாதானத்தைத்தான் தரைமட்டம் வந்து கெடுத்தார்.

ஆரம்பித்தது எங்கள் வீட்டு வேலைக்கு வரும் ரத்னம்மா. "பாத்திரம் தேய்க்கறேன்க்கா, துணி மடிக்கறேன். குனிஞ்சு தொடைக்கறது மட்டும் இனிமே ஆகல்ல" என்று ஒருநாள் அறிவித்துவிட்டாள். அன்று மாலையே சுபா, "ஏங்க, ஒரு ரோபோ வாங்கிடலாம்" என்றாள்.

"நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொண்டேன் என்றால் சாதாரணமாக இல்லை. எது எவ்வளவு வேகமாக உறிஞ்சும், எது தரைவிரிப்பைக் கண்டால் ஈரத்துணியைத் தூக்கிக்கொள்ளும், எது தன் துணியைத் தானே வெந்நீரில் அலசிக் காயவைக்கும் என்று தீபாவளி வந்து போகும்வரை வீடியோ பார்த்தேன். வீட்டில் தூசி கணுக்கால் வரை வந்துவிட்டது. என் படிப்பு முடிந்தபாடில்லை.

"மேல் வீட்டு அவரைக் கேட்டா என்ன?" என்றாள் சுபா.

"அவருக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சதை வெச்சு இன்னும் ஒரு குப்பையும் நகரலியே."

மறுநாள் அவர் வந்தார். கையில் ஒரு பித்தளைத் தாம்பாளம். அதன் அடியில் சோடா பாட்டில் மூடிகளை அடுக்கி ஒட்டி, சரியாக ரோபோவின் உயரத்துக்குக் கொண்டுவந்திருந்தார். வாசலிலேயே படுத்துக்கொண்டார்.

"மேடம், இனிமே என்னை மனுசனா நெனைக்காதீங்க. நான் ஒரு அடி அகலம், நாலு அங்குலம் உயரம். கண்ணு முன்னாடி மட்டும்தான். சார், கொஞ்சம் ஒதுங்குங்க. ரோபோவுக்கு உங்க கால் தெரியாது."

தாம்பாளத்தை முன்னால் தள்ளிக்கொண்டு ஊர்ந்தார். ங்ங்ங் என்று வாயால் மோட்டார் வேறு. நேராகப் போய் டைனிங் நாற்காலிக் காலில் நெற்றியை இடித்துக்கொண்டு, "இடிச்சிட்டேன். திரும்பறேன்" என்றார். திரும்பி அடுத்த நாற்காலியில் இடித்தார். "இங்கயும் இடிச்சிட்டேன். என்னா வீடுடா இது. அழுதுர்ரேன்."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. குக்கர் என்று நினைத்தேன். சுபா சிரித்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு. ரெண்டு நாற்காலிக் காலில் ஒருவர் சம்பாதித்ததை நான் மூணு புத்தகத்தில் சம்பாதிக்கவில்லை.

மனிதர் அதோடு விட்டாரா? படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில் போனார். கொஞ்ச நேரம் மோட்டார் சத்தம் நின்றது.

"மேடம், இங்க ஒரு தடை இருக்கு."

"என்னது?"

"கோடுபளே பாக்கெட். மூணு. ஒண்ணு பிரிச்சிருக்கு, ரப்பர் பேண்டு போட்டு."

எனக்குக் கொழுப்பு அதிகம் என்று டாக்டர் கோடுபளே, முறுக்கு என்று எல்லா எண்ணெய்ப் பலகாரத்தையும் நிறுத்தியிருந்த காலம் அது. சுபா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கட்டிலடியிலிருந்து குரல் மட்டும் வந்தது: "சார், ரோபோ வந்தா இந்த எடம் சேஃப் இல்ல. லாஃப்ட்டுக்கு மாத்திருங்க." மறுபடி குக்கர் சத்தம்.

ஒரே தடவையில் முடிவு சொல்ல மாட்டார். மழை நாளில் ஒருதரம், ஜன்னல் திறந்திருக்கும்போது ஒருதரம், விருந்தாளி செருப்பு கிடக்கும்போது ஒருதரம் பார்க்க வேண்டுமாம். வரும்போதெல்லாம் அவருக்கு முதல் டிகாக்‌ஷனில் காபி, டவரா டம்ளரில். எனக்கு இரண்டாவது டிகாக்‌ஷன், எங்கோ இலவசமாக வந்த மக்கில். கேட்டால், "அவரு கஷ்டப்படறாரு இல்ல?" என்றாள். படுத்துக்கொண்டு இருப்பவர் கஷ்டப்படுகிறாராம், நின்றுகொண்டு இருப்பவன் சும்மா இருக்கிறானாம்.

அவரைக் கீழே தள்ள வழி தேடினேன். ஏற்கெனவே தரையில் இருப்பவரை எங்கே தள்ளுவது?

அவமானங்களும் அவரிடம் எடுபடவில்லை. முதல் மாடியில் அவர் இப்படி வராந்தாவை ஊர்ந்து அளந்துகொண்டிருந்தபோது பார்சல் கொண்டுவந்தவர் பார்த்துவிட்டு, யாரோ மயங்கிக் கிடக்கிறார் என்று பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டார். இவர் தலையைத் தூக்கி, "இன்னா சார், நான் இன்னும் மாப் மோடுக்குப் போகலியே" என்றாராம். இதைச் சுபா என்னிடம் சொல்லும்போதே சிரித்தாள். நான் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, ஜோக் ஓரளவு பரவாயில்லை என்றேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஜோக் பிரமாதம்.

பிறகு எங்கள் இருவரையும் சம்பிகே ரோட்டில் ஒரு கடைக்கு அழைத்துப் போனார். விற்பனையாளர் தரையில் கொஞ்சம் காகிதத் துணுக்கைப் போட்டு ரோபோவை ஓட்டிக் காட்டினார். அது சுத்தமாக வாரிக்கொண்டது.

"கடைக் குப்பையில எவனும் ஃபெயிலாக மாட்டான் சார்" என்ற தரைமட்டம் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தார். "இது நம்ம குப்பை."

நம்ம குப்பை என்றால் நிஜமாகவே எங்கள் வீட்டுக் குப்பை. முந்தின நாள் சுபாவிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். கடுகு, கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல், எதிரே கட்டுகிற வீட்டின் சிமென்ட் தூசி, அவளுடைய நீள முடி. பளபளவென்ற கடைத் தரையில் கொட்டிவிட்டு, பக்கத்திலேயே கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டார்.

"சார், ஏளி சார், கஸ்டமர்ஸ் பர்தாரே!" என்று எழுந்திருக்கச் சொல்லிக் கெஞ்சினார் விற்பனையாளர்.

"ஒந்து நிமிஷா. நீங்களும் வாங்க. இங்கேர்ந்து பாத்தாத்தான் தெரியும்."

நம்புங்கள், விற்பனையாளரும் படுத்தார். என் மனைவி கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். ரோபோ கடுகை நாலு பக்கமும் சிதறடித்து, முடியைச் சுருட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மூவரும் ஒரே நேரத்தில் 'அச்சச்சோ' என்றார்கள். கைப்பையோடு நின்றவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன். "அவர் செஞ்சா மட்டும் ஏன் சிரிக்கற?"

சுபா யோசித்தாள். "நீங்க சிரிக்க வைக்கணும்னு எழுதறீங்க. அவரு சிரிக்க வைக்கணும்னா இடிச்சிக்கறாரு? அவருக்கு நெஜமாவே வலிக்குது."

இதற்குமேல் ஒரு மனிதன் பொறுக்க முடியாது. அன்றே, யாரையும் கேட்காமல், இருப்பதிலேயே பெரிய ரோபோவாக ஆர்டர் போட்டேன். என் வீட்டுத் தரைக்கு நான் தேர்ந்தெடுத்தேன் என்று இருக்க வேண்டும். பெட்டி வந்ததும் காரின் டிக்கியில் ஒளித்துவைத்தேன். டிசம்பர் மாதம். ஒரு காலையில் சுபா சாங்கி ஏரிப் பக்கம் நடக்கப் போனதும் ரோபோவை எடுத்து ஹாலில் ஓடவிட்டேன். அழகாகப் புறப்பட்டது. தோற்றவர் நேரில் பார்க்காத வெற்றி வெற்றியா? தரைமட்டத்தை அழைத்துவர மாடிக்கு ஓடினேன்.

அவர் வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. ஹாலில் ஒரு நாற்காலி, ஒரு லேப்டாப், சுருட்டிவைத்த ஒரு பாய். அவ்வளவுதான்.

"உங்க வீட்டுக்கு எந்த ரோபோ சார் வாங்கினீங்க?" என்றேன், ஒரு குத்தலோடு.

"நமக்கு எதுக்கு சார்? இங்க வந்தா இடிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. அதுக்கு போர் அடிச்சிடும்."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆபீஸ் போன் ஒன்றைப் பேசி முடித்து, முழங்கால் உறையைத் தேடி எடுத்துக்கொண்டு, அரை மணி கழித்துத்தான் என்னோடு இறங்கினார். எங்கள் வாசலில் நடை முடிந்து சுபாவும் வந்து சேர்ந்தாள். நான் கதவைத் திறந்தேன்.

பெங்களூர்க் குளிரில் மாவு லேசில் புளிக்காது என்பது இங்கே வாழும் எல்லாத் தமிழருக்கும் தெரியும். அதனால் சுபா ராத்திரி அரைத்த தோசைமாவை என் பழைய கம்பளி ஸ்வெட்டரில் சுற்றி, ஃப்ரிட்ஜின் பின்பக்கச் சூட்டில், தரையில் தூங்கவைப்பாள். ஸ்வெட்டரின் ஒரு கை மட்டும் வெளியே தொங்கும். ரோபோ அந்தக் கையைக் கண்டு வாயில் கவ்வி இழுத்திருக்கிறது. மாவுப் பாத்திரம் கவிழ்ந்திருக்கிறது. கடமை தவறாத இயந்திரம், கொட்டியதைத் துடைக்க முனைந்திருக்கிறது.

ஹால் முழுக்க மாவு. மெல்லிசாக, ஒரே சீராக, ஒரு கட்டி இல்லாமல். நடுவில் ஸ்வெட்டரை இழுத்துக்கொண்டு ரோபோ வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"இவ்ளோ மெல்லிசா எனக்கே ஊத்த வராது" என்றாள் சுபா.

அதைப் பிடிக்கப் பாய்ந்தேன். இரண்டாவது அடியில் கால் போனது. மல்லாந்து விழுந்து, சோபா வரை வழுக்கிப் போய், அதன் காலில் மண்டையை இடித்துக்கொண்டேன்.

"இடிச்சிட்டேன்" என்றேன். ஜோக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே வலித்தது.

சுபா செருப்பு ஸ்டாண்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் தண்ணீர், மூச்சு வாங்கியது, என்னைக் காட்டிக் கையை நீட்டினாள், சொல்ல வந்ததைச் சொல்ல முடியவில்லை. இருபது வருஷ எழுத்துக்குச் சேரவேண்டியது மொத்தமும் ஒரே தவணையில் வந்ததுபோல் இருந்தது. மாவில் கிடந்தபடியே நானும் சிரித்தேன்.

தரைமட்டம் சிரிக்கவில்லை. மாவின் ஓரத்தில் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, பிரமித்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி வருசமா டெஸ்டிங்ல இருக்கேன். இது எனக்குத் தோணலியே சார். குளிரு, ஸ்வெட்டரு, மாவு, மூணும் ஒண்ணா சேரணும்! எப்டி சார் கண்டுபுடிச்சீங்க?" அவர் குரலில் சுத்தமான பொறாமை. எனக்கு அது யாரும் தராத விருது.

"நான் கண்டுபிடிக்கலை சார். வாங்கினேன்."

"ஆங்…" என்றார். அந்த வார்த்தை அப்போதுதான் அவருக்குள் போனது. மெல்ல எழுந்தார். கன்னத்து மாவைத் துடைத்துக்கொண்டு, முழங்கால் உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "அப்ப வாங்கிட்டீங்க. நல்ல மாடல்தான் சார். இனிமே நமக்கு இங்க வேல இல்ல."

அவர் மேலே போகப் போகிறார், ஒரு நாற்காலிக்கும் ஒரு பாய்க்கும். சுபாவின் சிரிப்பு நின்றிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள்.

"யார் சொன்னது?" என்றேன் தரையிலிருந்து. "இது சரிப்படாது சார். திருப்பி அனுப்பிடறேன். ஞாயித்துக்கிழமை வாங்க, முதல்லேர்ந்து பாக்கலாம். இப்ப மாவு வேற இருக்கு, அது ஒரு தனி விஷயம் இல்லியா?"

"அதான!" என்றார். முகம் வெளிச்சமாகிவிட்டது. "மாவுக்கு ஒரு ரூட் போடணும் சார்."

மாவில் குளித்த ரோபோவை யார் திருப்பி எடுப்பார்கள்? நானும் சுபாவும் கழுவித் துடைத்தோம். நன்றாகவே ஓடுகிறது, அருமையான இயந்திரம். அது லாஃப்ட்டில் இருக்கிறது. வீட்டை நான் பெருக்குகிறேன், முதுகு போய்விட்டது.

தரைமட்டத்தின் ஆபீஸைச் சந்தாபுராவுக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள், அவர் வீடும் அங்கேயே. ஞாயிறு தவறாமல் பஸ்ஸும் மெட்ரோவும் மாறி, தாம்பாளத்தைத் துணிப்பையில் தூக்கிக்கொண்டு ஊரின் அந்தக் கோடியிலிருந்து வந்துவிடுகிறார். சுபா சிரிக்கிறாள். எனக்கு இப்போதும் வயிறு எரியத்தான் செய்கிறது. போகும்போது வாசலில் நின்று, "புதுசா ஒரு மாடல் வருதாம் சார், அதையும் பாத்துட்டு முடிவு பண்ணிடலாமா?" என்பார்.

"ஒண்ணும் அவசரமில்ல சார்," என்பேன். "நல்லா பாத்தே பண்ணலாம்."