கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒன்பதே கால்

நல்லா ஓடிக்கிட்டிருக்கிற கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கணும்னு கை அரிக்கிறவனுக்கு யாரும் பொண்ணு குடுக்கக் கூடாது. எனக்குக் குடுத்தாங்க. எப்படிக் குடுத்தாங்கன்னு எங்க வீட்டில் இன்னும் யாருக்கும் விளங்கவில்லை.

அப்போது திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தேன். ஜாதகம் கணித்து, பொருத்தம் பார்த்து பிரிண்ட் எடுத்துத் தருவதுதான் பிழைப்பு. ஊர்ப்பட்ட கல்யாணத்துக்குப் பொருத்தம் போட்டவனுக்கு ஒருவழியாகச் சொந்தமாக ஒரு வரன் வந்தது. பெண்ணின் அப்பா கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வியாபாரி. "மாப்ள கடையிலயே பொருத்தம் பாத்துடலாம். சரியா வந்தா மேல பேசலாம். வரலன்னா சாமி கும்பிட்டுட்டுப் போயிடறோம்" என்று சொல்லியனுப்பினார். பெண் மலர்விழியும் கூட வருவதாகச் சேதி.

சும்மா இருந்தேனா? பழைய கம்ப்யூட்டர் ஒரு ஜாதகம் போடுவதற்குள் டீ ஆறிவிடும். மானம் போகுமே என்று முந்தின நாள் மதர்போர்டு, பிராசஸர், ராம் எல்லாம் புதுசு மாட்டினேன். அவர்கள் கண் முன்னால் முதன்முதலாக ஆன் செய்து அசத்துவதாகத் திட்டம். (சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். அசத்துகிறவன் சோதிப்பானா?)

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வர வேண்டியவர்கள், பஸ் கிடைக்காமல் பதினொரு மணிக்கு வந்தார்கள். என் அப்பா காலண்டரைப் பார்த்தார்.

"ராகு காலம்டா. புதுப் பொருளை இப்ப ஆன் பண்ணாத."

"ஒரு மணிக்கு எனக்கு மண்டியில ஆள் நிக்கும்ங்க" என்றார் வியாபாரி.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. "கம்ப்யூட்டருக்கு அதோட கடிகாரம்தான்பா கணக்கு. அதுல ஒன்பதே கால்னு வெச்சிட்டா அதுக்கு நல்ல நேரம்!"

அப்பா யோசித்தார். வியாபாரியும் யோசித்தார். இரண்டு பேருமே தலையாட்டினார்கள். (மணியை மாற்றுவதற்கே ஆன் செய்ய வேண்டுமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, ஆன் செய்த எனக்கும்.)

மணியை மாற்றிவிட்டு ஜாதக சாஃப்ட்வேரைத் திறந்தேன். "இது பதிவு செய்யப்பட்ட கணினி அல்ல" என்றது.

வியாபாரி எழுத்துக் கூட்டிப் படித்தார். "தம்பி, இது உங்க கம்ப்யூட்டர் இல்லங்குதே? யாருதுங்க இது?"

"என்னுதுதாங்க. உள்ள புதுசு போட்டதால அதுக்கு அடையாளம் தெரியல. போன் பண்ணா வேற பதிவு நம்பர் குடுப்பாங்க."

சாஃப்ட்வேர் விற்ற சென்னைக் கம்பெனிக்குப் போன் போட்டு, கெத்துக்காக ஸ்பீக்கரையும் தட்டினேன். ஒரு பெண் நீளமாக ஒரு நம்பர் சொன்னாள். அடித்தேன். "இந்த எண்ணுக்கு இன்னும் நேரம் வரவில்லை" என்றது திரை. வேறு நம்பர் கொடுத்தாள். அதற்கும் நேரம் வரவில்லை. மலர்விழி பையிலிருந்து அவித்த மல்லாட்டையை எடுத்து, சினிமா பார்ப்பதுபோல உரித்துத் தின்ன ஆரம்பித்தாள்.

"சார், உங்க கம்ப்யூட்டர்ல மணி என்ன?" என்று கேட்டாள் போனில் இருந்தவள்.

"ஒன்பது நாப்பது" என்றேன்.

"இங்க பதினொன்றரை சார். திருவண்ணாமலையில மணி வேறயா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் காலண்டரைப் பார்த்தார்.

"ராகு காலமா சார்?" என்றாள் அவளே. "வெள்ளிக்கிழமையானா இதே ரோதனை. நம்பர்ல மணியும் சேந்திருக்கும். இப்ப நான் குடுக்கற நம்பர் உங்க மெஷினுக்கு இன்னும் பொறக்கவே இல்ல சார். ரெண்டு வாட்டி தப்பாப் போனதால லாக் ஆயிடுச்சு. திங்கக்கிழமை கூப்பிடுங்க."

அப்பா காலண்டரைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டினார். வியாபாரி துண்டை உதறித் தோளில் போட்டார். கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். அப்போதுதான் மலர்விழிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புரையேறி, கண்ணில் தண்ணி வந்து, தலையில் தட்டிக்கொண்டே, "எப்பா, நம்ம ஊரு ஜோசியர்கிட்ட கையால போட்டுப் பாரேன். இவரு இருந்தா வீட்ல பொழுது போவும்" என்றாள்.

ஜோசியர் பத்துக்கு எட்டு என்றார். கல்யாணம் நடந்தது. (முகூர்த்த நேரத்தை மாமனார் தன் வாட்சில் மட்டும்தான் பார்த்தார். மண்டபத்துக் கடிகாரத்துப் பக்கம் என்னை விடவே இல்லை.)

சாஃப்ட்வேர் அந்தத் திங்கட்கிழமையே உயிர் பெற்றுவிட்டது. எங்கள் ஜாதகத்தைப் போட மட்டும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. கல்யாணமாகி மறுவாரம், இனி என்ன ஆகிவிடும் என்று போட்டேன். பத்துக்கு மூன்று. 'பொருத்தம் இல்லை' என்று சிவப்பில் வேறு. அவசரமாகத் திரையை மறைக்கப் பார்த்தேன். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த மலர்விழி அலட்டிக்கொள்ளவே இல்லை.

"மொதல்ல அதுல மணி என்னன்னு பாருங்க."

இன்றைக்கும் நான் எதையாவது அடித்துப் பேசினால், யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. என் மகள்தான் மெதுவாகக் கேட்பாள்: "அப்பா, உங்களுக்கு இப்ப மணி என்ன?"