அரண்மனைக்குப் போட்ட அஸ்திவாரம்

குளிர்நாட்டில் வெயில் அடிப்பதாக யாரும் புகார் கொடுத்ததில்லை. கொடுத்தவர்கள் இப்போது அந்நாட்டில் இல்லை.

அந்நாட்டு மன்னர், தம் பிறந்தநாளுக்குள் புது அரண்மனையின் அஸ்திவாரம் முடிய வேண்டும் என்றார். கனம் பன்னிரண்டடி. அடுக்கடுக்காக, ஆறவிட்டுப் போட வேண்டிய காங்கிரீட்டை ஒரே பகலில் கொட்டினார்கள். சிமென்ட் இறுகும்போது சூடாகும். கனம் கூடினால் அந்தச் சூடு வெளியேற வழியின்றி நடுவயிற்றிலேயே தங்கிவிடும். அதைக் கவனிக்க உள்ளே வெப்பமானிகளைப் புதைத்திருந்தார்கள். அவற்றுக்குப் பொறுப்பாளி உமையாள்.

மூன்றாம் நாள் காலை அவள் கட்டுமான அமைச்சர் முன் நின்றாள்.

"ஐயா, உள்ளே எண்பத்தொண்ணு டிகிரி, மேலே முப்பத்தெட்டு. வித்தியாசம் இருபதைத் தாண்டக் கூடாதுங்க. மேல சாக்கு போட்டு மூடணும்."

"சுடுதுங்கிற. அப்புறம் போர்த்தச் சொல்ற!"

"மேல மட்டும் ஆறினா அது சுருங்கும், உள்ள சுருங்காது. நடுவுல பிளந்துக்கும்யா."

"உன்னை யாரும்மா உள்ளே பார்க்கச் சொன்னது?"

"அதுக்குத்தானே என்னை வேலைக்கு வச்சிருக்கீங்க?"

அமைச்சர் இதை ஆழ்ந்து பரிசீலித்தார். இனி நாட்டில் வெப்பம் மேற்பரப்பில் மட்டுமே அளக்கப்படும் என்று மாலையே ஆணை வந்தது. மறுநாள் உமையாளின் தெருவுக்கு வர வேண்டிய குடிநீர் லாரிகள் அஸ்திவாரத்துக்குத் திருப்பிவிடப்பட்டன. மேளதாளத்துடன் மன்னர் முதல் குடத்தை ஊற்ற, மேற்பரப்பு இருபத்தாறுக்கு இறங்கியது. ஊரெங்கும் வெற்றி விழா. தெருவில் நான்கு நாள் தண்ணீர் இல்லை.

ஏழாம் நாள் அஸ்திவாரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரல் நுழையும் விரிசல் ஓடியது. விரிசலைக் கண்டவர்கள் சொந்தச் செலவில் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அடுத்த ஆணை.

மன்னரும் வந்து பார்த்தார். அவர் கண்ணை யாரும் பரிசோதிக்கவில்லை.

"இதுமேல நான் நிம்மதியாத் தூங்க முடியுமா?"

அமைச்சர் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றே அறிவிப்பு வந்தது: கருணையே வடிவான மன்னர் தம் அரண்மனையைத் தியாகம் செய்கிறார், அதே அஸ்திவாரத்தின் மேல் ஏழைகளுக்குப் பன்னிரண்டு மாடி வீடுகள். முதல் பயனாளிகள் உமையாளின் தெருக்காரர்கள். தெருவே வெடி வெடித்துக் கொண்டாடியது. இடிக்கும் வண்டிகள் மறுவாரமே வந்துவிட்டன.

"நமக்குத் தரைத்தளம், உமையா! படியேற வேண்டாம்" என்றான் அவள் கணவன் சிங்காரம்.

"அதுமேல வேண்டாங்க."

"பின்ன எங்க போறது? தெருவை நேத்தே இடிச்சாச்சு."

காலியான தெருவில் மன்னருக்கு வேறு அரண்மனை எழும்பியது. அதன் அஸ்திவாரம் ஐந்து நாளுக்கு ஓர் அடுக்காக, ஐஸ் போட்டுக் கலந்து, சாக்கால் மூடி, முதல் அஸ்திவாரத்துக்கென உமையாள் எழுதிக் கொடுத்திருந்த குறிப்பில் உள்ளபடியே அமைந்தது. ஒரு கீறல்கூட இல்லை.

பன்னிரண்டு மாடியும் எழும்பி, புது வீட்டுக்குக் குடிவந்த மதியம் சிங்காரம் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டான்.

"எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு பாரு!"

உமையாள் தூங்கிப்போன மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கதவைத் திறந்துவைத்து, வாசலை ஒட்டிப் பாயை விரித்தாள்.