கல்வராயன் கேலக்ஸிக்குக் கூட்டம் வந்த கதை

"மொதலாளி, மால்ல கடையே மூணுதான் இருக்கு. ஜனத்துக்கு நான் எங்க போறது?" என்றான் ரவூப்.

"அது ஒன் பாடு. நாளைக்குக் காலைல கம்பெனிக்காரரு வர்றாரு. எடம் புடிச்சிருக்காம். நடமாட்டம் எப்பிடினு நேர்ல பாக்கணுமாம். எங்க பாத்தாலும் தலையா தெரியணும், சொல்ட்டேன்!" போனை வைத்துவிட்டார் தஸ்தகீர் பாய்.

மானேஜர் ரவூப் உள்ளே எட்டிப் பார்த்தான். கல்வராயன் கேலக்ஸி மாலில் அந்த நேரத்து நடமாட்டம் ஒரு பூனை.

மாலுக்கும் நல்ல காலம் இருந்தது. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனதும், கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்த பாய்க்கு, 'கலெக்டரே வந்துட்டாரு, மால் இல்லன்னா நல்லாவா இருக்கும்?' என்று தோன்றிவிட்டது. ஊருக்கு வெளியே சேலம் ரோட்டில் ஒரு கரும்புக்கொல்லையை வாங்கிக் கட்டினார். திறப்பு விழாவுக்குக் கல்வராயன் மலையிலிருந்து ஜீப்பு ஜீப்பாக ஜனம் இறங்கியது. எஸ்கலேட்டரில் ஏறினார்கள், இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். ஏசியில் உட்கார்ந்து வியர்வையை ஆற்றிக்கொண்டார்கள். பிறகு பஸ் பிடித்துக் கடைவீதிக்குப் போய்த் துணி வாங்கினார்கள். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்த கடைக்காரர்களும் அதே பஸ்ஸில் ஏறிக் கடைவீதிக்கே போய்விட்டார்கள். மேல்மாடியில் 'மூன்று தியேட்டர்கள் விரைவில்' என்ற பலகை மட்டும் இன்னும் பளபளவென்று இருந்தது. பாய் அதைத் தினமும் துடைக்கச் சொல்லியிருந்தார்.

மிஞ்சியது அத்தியாவின் நைட்டிக்கடை, ஒரு செல்போன் கவர் கடை, ஒரு பாப்கார்ன் மிஷின். இந்தக் கம்பெனியும் கைவிட்டால் ரம்ஜானோடு மாலைப் பூட்டிவிடுவதாகப் பாய் சொல்லியிருந்தார். கோட்டு போட்டுப் பழகிய ரவூப்புக்கு, திரும்பப் பாத்திரக்கடைக்குப் போய்க் குண்டான் அடுக்க இஷ்டமில்லை.

நைனார்பாளையம் செந்தமிழ்ச்செல்விக்குப் போன் போட்டான். எந்தக் கட்சிக் கூட்டமானாலும் வேன் நிறைய ஆள் கொண்டுவந்து இறக்குகிறவள் அவள்.

"எந்தக் கட்சி?" என்றாள்.

"கட்சி இல்லக்கா. மாலு."

"புதுக் கட்சியா? கொடி இன்னா கலரு?"

விளக்கிச் சொல்வதற்குள் ரவூப்புக்குத் தொண்டை வறண்டுவிட்டது. "பிரியாணி உண்டுல்ல?" என்று கேட்டுக்கொண்டு ஒத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வேன்கள் வந்து நின்றன. ஜனம் இறங்கியது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், எஸ்கலேட்டரைப் பார்த்தபடி டைல்ஸ் தரையில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"ஐயோ, உக்காராதீங்க! எழுந்திரிங்க!" என்று ஓடினான் ரவூப்.

"தலைவரு வந்துட்டாரு!" என்று யாரோ கத்த, அத்தனை பேரும் எழுந்து "வாழ்க! வாழ்க!" என்றார்கள்.

"தலைவருலாம் யாரும் இல்லம்மா. சும்மா சுத்திக்கினு இருங்க. வாங்க வந்த மாரி கடையப் பாருங்க."

முன் வரிசையிலிருந்த பெரியநாயகி என்ற பெண் இடுப்பில் கை வைத்தாள். "மூணு கடைய நாங்க இத்தினி பேரும் எப்பிடிப் பாக்குறது? அப்பறம், கையில பை இல்லாம சுத்துனா வாங்க வந்தவங்கனு யாரு நம்புவா?"

நியாயமான கேள்வி. ரவூப் அத்தியாவிடம் கெஞ்சி, அவள் கடைப் பைகளை வாங்கி, பழைய பேப்பரை அடைத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தான்.

"மேல ஒரு நைட்டியாவது வெச்சிக் குடுங்க, பேப்பர் தெரியுது பாருங்க" என்றாள் அத்தியா. வந்த வாய்ப்பை அவள் விடுவதாக இல்லை.

பையை வாங்கியதும் ஜனம் விறுவிறுவென்று வாசலைப் பார்த்து நடந்தது.

"எங்க போறீங்க?"

"பை குடுத்துட்டீங்களே. பை குடுத்தா கூட்டம் முடிஞ்சிப்போச்சின்னுதானே அர்த்தம்?" என்றார் ஒருவர்.

பாதிப் பேர் வேனில் ஏறிவிட்டார்கள். ரவூப் ஓடிப்போய் மாலின் அறிவிப்பு மைக்கைப் பிடித்தான். "பிரியாணி மேல்மாடியில! சுடச்சுட! எல்லாரும் உள்ள வாங்க!"

அந்த மைக்குக்கு ரோடு வரைக்கும் ஸ்பீக்கர் வைத்தது பாயின் பழைய ஏற்பாடு. வேனிலிருந்தவர்கள் திரும்பினார்கள். கூடவே உளுந்தூர்பேட்டை பஸ்ஸிலிருந்து சிலர் குதித்தார்கள். லாரிகள் ஓரங்கட்டின. கரும்பு வெட்டப் போன ஆட்கள் அரிவாளோடு வந்தார்கள். கண்மூடித் திறப்பதற்குள் எஸ்கலேட்டரில் ஒரு படிக்கு நாலு பேர் நின்றார்கள். அது ஒருமுறை முனகிவிட்டு நின்றுபோனது. ரோட்டில் வண்டிகள் ஏமப்பேர் வரை நின்றன. போலீஸ்காரர் ஒருவர் விசில் ஊதிக்கொண்டே உள்ளே வந்தார். ஒரு பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்ததும் விசில் நின்றது.

கம்பெனிக்காரர் நாராயணசாமியின் கார் தூரத்திலேயே மாட்டிக்கொண்டது. வெயிலில் நடந்து, வேர்த்து வழிய, வெள்ளைச் சட்டையோடு வாசலில் வந்து நின்றார்.

வெள்ளைச் சட்டையைப் பார்த்த செந்தமிழ்ச்செல்விக்குத் தொழில் பக்தி பொங்கியது. "தலைவரு டோய்!" என்றாள்.

"வாழ்க! வாழ்க!" மால் அதிர்ந்தது. பையிலிருந்த நைட்டியை எடுத்துச் சால்வையாகப் போர்த்தினாள் பெரியநாயகி. கரும்பு வெட்டுகிறவர்கள் அவரைத் தோளில் தூக்கி, நின்றுபோன எஸ்கலேட்டரில் தலைகளுக்கு மேலாகக் கொண்டுபோய் மேல்மாடியில் இறக்கினார்கள்.

ரவூப்புக்குக் கண் கலங்கியது. மால் கட்டி இத்தனை வருஷத்தில் தரை தெரியாமல் ஜனம் நிற்பதை இன்றுதான் பார்க்கிறான். கம்பெனிக்காரரை வரவேற்க மேல்மாடிக்கு வந்திருந்த பாய் அவன் தோளை அணைத்து, "நீ மானேஜர் இல்லடா, என் தம்பி!" என்றார். கோட்டு பிழைத்தது என்று ரவூப் நினைத்துக்கொண்டான்.

நாராயணசாமி மூச்சு வாங்கிக்கொண்டு கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்தார்.

"இன்னா சார், நடமாட்டம் போதுமா? இன்னிக்கு இதுவே கம்மி. ஞாயித்துக்கிழமைனா இன்னும் ஜாஸ்தி!" என்றார் பாய் பெருமையாக.

நாராயணசாமி நைட்டியைக் கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்தார். "மன்னிச்சிக்கோங்க பாய், ஆன்லைன் சாமான் அடுக்கி வைக்கிற குடோனுக்குத்தான் நாங்க எடம் தேடுறோம், ஜில்லாவுலயே ஈ காக்கா நுழையாத மாலு இது ஒண்ணுதான்னு சொல்லித்தான் என்னை அனுப்பிச்சாங்க."