நிறுத்தி நிறுத்திச் சுழல்பவர்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவளாவது பரவாயில்லை, கூடத்தோடு விட்டாள். இங்கே சொல்லவருவது அரைகுறையாக ஆடத் தெரிந்த இனம். ஆரம்ப வகுப்பைத் தாண்டியாயிற்று, மேல்வகுப்பு இன்னும் எட்டவில்லை. இந்த நடுப்படியில் நிற்பவருக்குக் கூடம் நேராகத்தான் இருக்கும். ஜோடிதான் கோணல்!

நாரிஸ் ரோட்டு செல்லக்கண்ணுவைப் பாருங்கள். கப்பல் கம்பெனி கிளார்க். கம்பெனியின் வருடாந்தர விருந்துக்காக மனைவி கண்மணியோடு மாடி நடனப் பள்ளி ஒன்றில் வால்ட்ஸ் என்ற வெள்ளைக்கார ஜோடி ஆட்டம் கற்றார். அதில் வலச்சுற்று என்று ஒன்று. இருவரும் கைகோத்து, ஓடுகிற தண்ணீர்போல நிற்காமல் வழுக்கிச் சுழல வேண்டும். அந்த ஓட்டத்தைச் சீராக்கத்தான் செல்லக்கண்ணு அடிக்கொரு தரம் நிறுத்துவார்.

"நில்லு நில்லு. குதிகால் முதல்ல, விரல் அப்புறம்."

அவள் அலுத்துப்போய் உட்கார்ந்தால், கட்டிலிலிருந்த நீளத் தலையணையை அணைத்துக்கொண்டு சுழல்வார். "இங்க பாரு, இது எவ்வளவு அழகா வருது!"

"அதையே விருந்துக்குக் கூட்டிட்டுப் போங்க. புடவை நான் தரேன்."

வீடு முழுக்கச் சுண்ணக்கட்டியால் பாதம் பாதமாக வரைந்துவைத்தார். எதிர்வீட்டு முத்தாயி எட்டிப்பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கோகுலாஷ்டமி அடுத்த மாசந்தானே லா? கண்ணன் பாதம் ஏன் இவ்ளோ பெரிசு?"

"கண்ணன் இல்லக்கா, எங்க வீட்டுக்காரரு."

கண்மணிக்கு ஒரே ஆசை. பரிசு வேண்டாம், பாராட்டு வேண்டாம். ஒரு பாட்டை, ஒரே ஒரு பாட்டை, ஆரம்பம் முதல் கடைசிவரை நிற்காமல் ஆடிவிட வேண்டும். பாவம், இது பேராசையா?

விருந்தன்று பேண்டு முழங்கியது. கண்மணி சுழன்றாள், முந்தானை எழும்பியது, முகத்தில் சிரிப்பு வந்தது, வந்த அதே நொடியில் "நில்லு நில்லு!" நடுக்கூடத்தில் மண்டியிட்டார் செல்லக்கண்ணு. கோட்டுப் பையிலிருந்து சுண்ணக்கட்டி! பாலிஷ் போட்ட தரையில் பாதம் வரையத் தொடங்கினார். பின்னால் வந்த ஜோடி அவரைத் தாண்டிப் போனது. அடுத்து வந்த வெள்ளைக்கார மேனேஜர், இது ஏதோ இந்தியச் சடங்கு என்று நினைத்து, தலைகுனிந்து வணங்கிவிட்டுத் தாண்டினார்.

கண்மணி இடுப்பில் கைவைத்து நின்றாள். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து மேஜையில் டைப்பிஸ்ட் கமலா சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"கமலா, வா லா, ஆடலாம்!"

"ஐயோ, எனக்குத் தெரியாதே!"

"எனக்கு மட்டும் தெரியுமா? வா!"

இருவரும் காலை மிதித்துக்கொண்டார்கள், நாற்காலியை இடித்தார்கள், வலச்சுற்று இடச்சுற்றாயிற்று. சிரித்த சிரிப்பில் பேண்டுக்காரருக்கே தாளம் தப்பியது. ஆனாலும் பாட்டு முடியும்வரை அவர்கள் நிற்கவில்லை.

வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தாள் கண்மணி. "முழுப் பாட்டும் ஆடிட்டேங்க!"

செல்லக்கண்ணு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "ஆடினே, இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தக் குதிகாலு..."

அவள் முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. அதுதான் அவர் அன்று முழுசாகச் செய்துமுடித்த ஒரே காரியம்.

சிரிக்கிறீர்களா ஐயா? சிரியுங்கள். உங்களுக்குத்தான் வால்ட்ஸே தெரியாதே, உங்களுக்கு என்ன பயம்? ஆனால் போன வாரம் உங்கள் வீட்டம்மா வேலைக்கு நடுவே வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது, பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே "சுருதி இறங்குதே" என்றீர்கள். அப்புறம் பாடினாரா?