பியோ கில்-ஜுன் தத்தெடுத்த கொள்ளுத்தாத்தா

"அது எங்க கொள்ளுத்தாத்தாவோட கல்லறைங்க" என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்ன பிறகுதான், கொள்ளுத்தாத்தாவின் பெயர்கூடத் தனக்குத் தெரியாது என்பது பியோ கில்-ஜுனுக்கு உறைத்தது.

மோக்ஜோன் ஊரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். கடைக்கு வருகிறவர்களிடம் "இப்பத் தெரியுதா? இப்ப?" என்று கேட்பதோடு அவருடைய பேச்சு முடிந்துவிடும். கூட்டத்துக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து, கொடுக்கிற பார்லி டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவார். அன்றைக்கு ஏன் எழுந்தார் என்றால், அதற்குக் காரணம் அவர் மனைவி இன்-சூக்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இன்-சூக்குக்குப் பெரிய அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்தவள் சுவரைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். பிறகு ஒருநாள் அவளாகவே செருப்பை மாட்டிக்கொண்டு ஊருக்குப் பின்னால் இருக்கும் குன்றின் முதல் வளைவு வரை போய்த் திரும்பினாள். மறுநாள் இரண்டாவது வளைவு. இப்போது தினமும் உச்சி வரை ஏறி, அங்கே இருக்கும் உடற்பயிற்சிக் கம்பியைப் பிடித்துத் தொங்கிவிட்டு, ஊற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருகிறாள். மருந்து பாதி, அந்தக் குன்று பாதி என்று கில்-ஜுன் நம்பினார். அந்தக் குன்றைத்தான் ஒரு நிறுவனம் வழித்தெடுத்து அடுக்குமாடி கட்டப்போகிறது.

குன்றில் இருந்த மற்ற கல்லறைகளையெல்லாம் சொந்தக்காரர்கள் வந்து தோண்டி வேறு இடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் ஒரே ஒரு கல்லறை மேடு. 'உரிமையாளர் தெரியவில்லை, மூன்று மாதத்துக்குள் யாரும் வராவிட்டால் அகற்றப்படும்' என்று அதன் பக்கத்தில் பலகை நட்டிருந்தார்கள்.

"அவனுங்களோட மெயின் ரோடே அந்த மேட்டு மேலதான் போகுது" என்றார் குன்று காப்புக் குழுத் தலைவர் போங். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்; மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கும். "சொந்தக்காரன் ஒருத்தன் வந்து, எடுக்க விடமாட்டேன்னு நின்னாப் போதும். யாராவது இருக்கீங்களா?"

இன்-சூக் தலையைக் குனிந்து மடியில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் கில்-ஜுன் எழுந்துவிட்டார்.

மறுநாள் குன்றடியில் இருந்த நிறுவனத்தின் தகரக் கொட்டகைக்குப் போனார். அங்கே தாக் என்று ஒரு நில அளவையாளர் இருந்தான். ஒல்லியாக, மரியாதையாக, குரலே வெளியே வராத ஆள்.

"கொள்ளுத்தாத்தாவா சார்? ரொம்ப சந்தோஷம்" என்று எழுந்து குனிந்து வணங்கினான். "ஆனா மேட்டுல புல்லு இடுப்பளவு வளர்ந்து கிடக்கே?"

"அது... இந்த வருஷம் கொஞ்சம் வேலை ஜாஸ்தி."

"இல்ல, சொந்தக்காரங்கன்னா புல்லு வெட்டி, ஒரு கிண்ணம் மது ஊத்தி விழுந்து கும்பிட்டிருப்பாங்களேன்னு எங்க மேலதிகாரி கேப்பாரு. அதான் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்."

சிரித்துக்கொண்டே குழி பறிக்கிறான் என்று கில்-ஜுன் நினைத்தார்.

வீட்டில் இன்-சூக் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க அப்பா கல்லறைக்குப் புல்லு வெட்டக் கூப்பிட்டா இடுப்பு வலின்னு படுத்துக்குவீங்க. இப்ப யாரோ ஒருத்தருக்கு வெட்டப் போறீங்களா?"

"யாரோ இல்ல. கொள்ளுத்தாத்தா."

"பேரு?"

"கொள்ளுத்தாத்தாவைப் போய் யாராவது பேரு சொல்லிக் கூப்பிடுவாங்களா?"

அரிவாளை வாங்கிக்கொண்டு போய் வெட்டினார். உள்ளங்கை கொப்புளித்தது. இத்தனை வருஷம் அந்த வழியாக ஏறியும் இப்படி ஒரு மேடு கண்ணில் படவேயில்லையே என்று வெட்கமாக இருந்தது. கண்ணாடிக் கடைக்காரருக்கே இப்படி. ஆனால் ஊர்க்காரர்களுக்கு அது நன்றாக நினைவிருந்தது.

"சின்ன வயசுல இது மேலதான் சறுக்கி விளையாடுவோம்" என்றார் சலவைக் கடைக்காரர்.

"நான் முழந்தாள் உயரம் இருக்கும்போதே இது இருக்கு" என்றார் போங். "எங்கம்மா இது பக்கமாப் போகும்போதெல்லாம் பேசாதேம்பாங்க."

இதையெல்லாம் கேட்கக் கேட்க, கில்-ஜுனுக்கே மேட்டின் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. தாக் வந்து சுற்றிப் பார்த்தான்.

"பிரமாதமா வெட்டியிருக்கீங்க சார். ஆனா ஒருத்தர் சொன்னா ஆயிடுமான்னு மேலதிகாரி கேக்குறாரு. உங்க வம்சத்துப் பெரியவங்க யாராவது வந்து, எங்காளுதான்னு ஒரு வார்த்தை சொன்னா அவரு வாயை மூடிடுவாரு."

பியோ என்பது அரிதான குடும்பப்பெயர். அந்தப் பெயர் வைத்த அத்தனை பேரும் ஒரே வம்சம். வம்சத்துக்குத் தெற்கே ஒரு ஊரில் அலுவலகமே உண்டு. அங்கே போன் போட்டு, யாராவது ஒருத்தர் வந்து தலையை மட்டும் காட்டிவிட்டுப் போனால் போதும் என்று மெதுவாகக் கேட்டார். அந்தப் பக்கம் யாரோ விம்மி அழுதார்கள்.

கில்-ஜுனின் கொள்ளுத்தாத்தா என்று நிஜமாகவே ஒருவர் இருந்திருக்கிறார். வடக்கே மாட்டு வியாபாரத்துக்குப் போனவர் திரும்பவேயில்லை. அவரை எங்கே புதைத்தார்கள் என்று தெரியாமல் வம்சம் தலைமுறைகளாகத் தேடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பஸ் நிறைய வந்து இறங்கினார்கள். அவித்த பன்றிக்கறி, அரிசி கேக், உலர்ந்த மீன், ஜாடி ஜாடியாக மக்கொல்லி என்ற அரிசிக் கள். முன்னால் வந்தவருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளை அங்கியும் குதிரைமயிர்த் தொப்பியுமாக நேரே கில்-ஜுனிடம் வந்து, தரையில் மண்டியிட்டு, நெற்றி மண்ணில் பட வணங்கினார்.

"சின்னத் தாத்தா! எங்களை மன்னிச்சிடுங்க!"

கில்-ஜுன் பதறிப் பின்வாங்கினார். வம்சக் கணக்குப்படி அவர் அந்தக் கிழவருக்கு இரண்டு தலைமுறை மூத்தவராம்.

"பெரியவரே, எந்திரிங்க, யாராவது பாக்கப் போறாங்க."

"நீங்க எனக்கு 'டேய் தே-ரியோங்'னுதான் சொல்லணும், சின்னத் தாத்தா."

பின்னால் நின்ற இன்-சூக், சிரிப்பை அடக்க முடியாமல் பன்றிக்கறித் தட்டோடு மரத்துக்குப் பின்னால் போய்விட்டாள்.

எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள், அழுதார்கள், சாப்பிட்டார்கள். போங் முகத்தில் வெற்றிக் களை. அப்போதுதான் தே-ரியோங் பெரியவர் தொண்டையைக் கனைத்தார்.

"முடிவு பண்ணிட்டோம். தாத்தாவை இப்படி அனாதையா விட்டுட்டுப் போறதில்ல. தெற்கே நம்ம மலைக்குக் கூட்டிட்டுப் போயிடறோம். கம்பெனிக்காரங்களும் எடுக்கத்தானே சொல்றாங்க?"

போங்கின் கையிலிருந்த கறித்துண்டு அப்படியே நின்றது. "பியோ சார், ஏதாவது சொல்லுங்க" என்று விலாவில் இடித்தார்.

"அவரு வரமாட்டாரு!" என்றார் கில்-ஜுன்.

"ஏன்?"

"அவரே சொன்னாரு. கனவுல வந்தாரு."

சின்னத் தாத்தாவின் கனவில் வராமல் வேறு யார் கனவில் வருவார்? பெரியவர் முழங்காலாலேயே நகர்ந்து பக்கத்தில் வந்தார். "எப்படி இருந்தாரு?"

"சந்தோஷமா. இந்த இடம் நல்லா இருக்குடா, என்னை எங்கயும் கொண்டு போகாதேன்னாரு." அதோடு நிறுத்தியிருக்கலாம். நம்பும்படியாக இருக்கட்டும் என்று ஒரு வரி சேர்த்தார். "அந்த ஊத்துல காலை விட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு. காலெல்லாம் ஈரம்."

"ஈரமா!" பெரியவர் மார்பில் அடித்துக்கொண்டார். "ஐயோ, கல்லறைக்குள்ள தண்ணி ஏறிடுச்சே! தாத்தா தண்ணியில கிடக்கிறாரே! இனி ஒரு நாள்கூட விடக்கூடாது!"

கனவில் வந்த முன்னோருக்குக் கால் நனைந்திருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பது அங்கே இருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். கில்-ஜுனுக்கும் தெரியும். சொல்லி முடித்த பிறகு தெரிந்தது.

"இல்ல, ரொம்ப ஈரமில்ல, லேசாத்தான்..." என்று இழுத்தார். யாரும் கேட்கவில்லை. தோண்டுவதற்கு நல்ல நாள் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து போங் கண்ணாடிக் கடைப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். "குன்றைக் காப்பாத்தச் சொன்னா, மண்வெட்டி கொண்டு வந்து கொடுத்துட்டாரு" என்று ஊரெல்லாம் பேச்சு. இன்-சூக் மட்டும் குறை சொல்லவில்லை. "பரவால்லீங்க, ஆத்தங்கரையில நடந்துக்குவேன்" என்றாள். ஆற்றங்கரை என்பது லாரிகள் போகும் சாலை.

தோண்டும் நாளன்று காலையில் முதல் பனி விழுந்திருந்தது. வம்சம் மண்வெட்டிகளோடு குன்றேறியது. கில்-ஜுன், தூக்குமேடைக்குப் போகிறவர்போலப் பின்னால் நடந்தார். எடுப்பதற்குச் சாட்சியாக நிறுவனத்தின் சார்பில் தாக் வந்திருந்தான்.

பெரியவர் முதல் வெட்டுக்கு மண்வெட்டியை ஓங்கினார்.

"ஒரு நிமிஷம் பெரியவரே" என்றான் தாக். "எனக்கு இதெல்லாம் அவ்வளவாத் தெரியாது. ஆனா சுத்தி எல்லா இடத்துலயும் பனி இருக்கே, மேட்டு மேல மட்டும் ஏன் இல்ல?"

எல்லாரும் பார்த்தார்கள். மரம், பாறை, பாதை எல்லாம் வெள்ளை. மேடு மட்டும் பச்சைப் புல்லோடு, லேசாக ஆவி விட்டுக்கொண்டு நின்றது.

பெரியவரின் கையிலிருந்து மண்வெட்டி நழுவியது. "பனி தங்காத மண்ணு!" என்றார். "பாக்கியம் பண்ணின இடம்டா இது! ராஜாக்களுக்குக்கூடக் கிடைக்காத இடம்! கால் ஈரம்னா அது வேர்வைடா, வேர்வை! உள்ள அவ்வளவு கதகதப்பு!"

வம்சம் மொத்தமும் பனியில் விழுந்து வணங்கியது. இந்த மண்ணில் இனி யார் கை வைத்தாலும், நாட்டில் இருக்கும் அத்தனை பியோக்களும் வந்து இங்கேயே படுப்பார்கள் என்று பெரியவர் தாக்கின் முகத்துக்கு நேரே சத்தியம் செய்தார். தாக் பவ்யமாகக் கேட்டுக்கொண்டு, மேலதிகாரிக்கு அங்கிருந்தே போன் போட்டான். ரோடு போட வேறு வழியே இல்லாததால், திட்டத்தையே கைவிட வேண்டியிருக்கும் என்றான்.

எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். போங் ஆசிரியர் கில்-ஜுனைத் தூக்கியே விட்டார். பிறகு சூடான சூப் குடிக்கக் கீழே இறங்கினார்கள்.

கில்-ஜுன் மட்டும் மேட்டின் முன் மண்டியிட்டுக் கிடந்தார். கண்ணாடி நனைந்து ஒன்றும் தெரியவில்லை. பொய் சொல்லப்போய் நிஜத் தாத்தாவையே கண்டுபிடித்துவிட்டோமே என்று அழுதார். தாக் பக்கத்தில் வந்து அவரைக் கைகொடுத்து எழுப்பினான்.

"தம்பி, நீ கம்பெனி ஆளு. தோண்ட விட்டிருந்தா உன் வேலை முடிஞ்சிருக்கும். ஏன் தடுத்தே?" என்றார் கில்-ஜுன். "உனக்கும் தாத்தாவோட சக்தி தெரிஞ்சுதா?"

தாக் கீழே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டு, வழக்கமான மரியாதையோடு சொன்னான்:

"வெந்நீர் ஊத்தினது எங்கம்மா சார், அவங்களும் தினம் இங்கதான் நடக்குறாங்க, போன வருஷம் ரோடு வர்ற இடமாப் பார்த்து இந்த மேட்டைக் குவிச்சது நான்."